முந்நூறு முக்கோணங்கள்

ஒரு படகுக்கு முந்நூறு முக்கோணம்.
அதற்கு மேல் போனால்
பழைய செல்போன்களில் கடல் திக்கும்
என்றார் மேலாளர்.

நாகர்கோவிலில், செட்டிகுளத்துக்குப் பக்கம்,
கீழே பேக்கரி, மேலே நாங்கள்.
பழம்பொரி மணம் படியேறி வரும் மதியங்களில்
நான் படகு செய்தேன்,
அருமனையில் ரப்பர் மரங்களுக்குள் பிறந்து
கடலைப் பேருந்து ஜன்னலில் மட்டும் பார்த்தவள்.

முதல் சோதனையில்
நாற்பத்தொரு படகும் பின்பக்கமாய் ஓடின.
தேங்காப்பட்டணத்தை விட்டுப் புறப்பட்டவை எல்லாம்
கரையைப் பார்த்தபடியே
ஆழ்கடலுக்குப் போயின.
கோப்பில் ஓர் அச்சு திரும்பியிருந்தது,
நூற்றெண்பது பாகை.
திருத்த ஒரு நொடி போதும்.
சாயா குடித்து முடிக்கும் வரை
அப்படியே விட்டுவைத்தேன்.

மறுநாள் மையப்புள்ளி பிசகியது.
"எனக்க படகு
ஐஸ் கம்பெனிக்குள்ள நிக்குது மக்களே,
வாடகை குடுக்கணுமா?"
என்று போனில் கேட்டவர் பெயர் ததேயுஸ்.

டேப்போடு துறைமுகம் போனேன்.
வலைக்குவியல் மேல் உட்கார்ந்திருந்தவர்
"பெட்டி அடிக்கவா பிள்ளே அளவு?" என்றார்.
கூட இருந்த யாரும் சிரிக்கவில்லை.
பிறகு அவரே எழுந்து
டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.
இது அணியம். அது அமரம்.
சிக்னல் டப்பா வீல்ஹவுஸ் கூரையில்,
நடுவில் இல்லை, இடப்பக்கம் ஒன்றரை அடி.
என் கோப்பில் 'முன்', 'பின்' என்றிருந்ததை
அன்றிரவு மாற்றினேன்.
மென்பொருள் அர்த்தம் கேட்கவில்லை.

வரைந்து முடித்தபோது ஆயிரத்துச் சொச்சம்.
வெட்டத் தொடங்கினேன்.
முதலில் டயர்கள் போயின,
பிறகு கயிறு, கைப்பிடிக் கம்பி,
கூரைமேல் சிலுவை,
இரண்டு நிறத்தில் எழுதியிருந்த பெயர்.
இருநூற்று எண்பத்தெட்டில் நின்றது.
யாருடையதும் இல்லாத ஒரு படகு,
யாருடையதாகவும் ஆகக்கூடியது.

மிச்சம் பன்னிரண்டு.
ஒரு பெட்டிக்குச் சரியாகப் பன்னிரண்டு முக்கோணம்.
அமரத்தில் வைத்து நீலம் பூசினேன்.
யாரும் கேட்கவில்லை.
பார்த்தவர்களில் ஒருவர் தண்ணீர் டிரம் என்றார்,
ஒருவர் ஐஸ் பெட்டி,
மேலாளர் பார்க்கவே இல்லை.

கடைசி வேலை, 'சிக்னல் இல்லை'.
ஆறு மணி நேரம் தகவல் வராத படகு
சாம்பல் நிறமாக வேண்டும் என்றது குறிப்பு.
சாம்பல் பூசிப் பார்த்தேன்.
கடல் ஏற்கெனவே விழுங்கிவிட்டதைப் போலிருந்தது.
ததேயுஸைக் கூப்பிட்டேன்.
தங்கலுக்குப் புறப்படும் அவசரத்தில் இருந்தார்.
"சிக்னல் போனா பேட்டரி போச்சு.
வேற அர்த்தம் எங்களுக்கு வேண்டாம்."
எனவே படகின் நிறம் மாறாது.
வீல்ஹவுஸ் நெற்றியில் விளக்காக வைத்த
ஒரே ஒரு முக்கோணம் மட்டும் அணையும்.

வியாழன் இரவு நாற்பது விளக்கு எரிந்தது.
மேற்கே அறுபத்துமூன்று கடல் மைலில்
ஒன்று எரியவில்லை.
பேக்கரி ஷட்டர் இறங்கிய சத்தம் கேட்டது.
அருமனைக்குக் கடைசி பஸ் போயிருக்கும்.

பத்தேகாலுக்குப் போன்.
வள்ளவிளையிலிருந்து ஜெனிற்றா,
ததேயுஸின் மனைவி.
நானும் அவரும் ஒரே படத்தைப்
பார்த்துக்கொண்டிருந்தோம் போலும்.
அணைந்த விளக்கைப் பற்றிக் கேட்பார் என்று
பேட்டரி என்ற சொல்லை
நாக்கு நுனியில் வைத்திருந்தேன்.
அவர் கேட்டது வேறு.
"எங்களுக்க பெட்டி கறுப்பாக்கும்.
நீ நீலம் போட்டிருக்கே. மாத்திருவியா?"

கறுப்பாக்கினேன்.
நாற்பத்தொரு பெட்டியும் கறுத்தன.
எல்லாவற்றுக்கும் ஒரே கோப்பு.
ஒன்றை மாற்றினால் அத்தனையும் மாறும்.

திரும்ப நீலமாக்கிவிட்டு
அந்த ஒரு படகுக்கு மட்டும்
தனிக் கோப்பு திறந்தேன்.
கறுப்புப் பெட்டி வைத்தேன்.
கையோடு டயர்களையும்.
வெட்டிய பெயரைத் தேடி எடுத்து
எழுத்தெழுத்தாய் ஒட்டினேன்.
சிலுவைக்குத் தனியே இருபது செலவானது.

முந்நூறு எப்போதோ தாண்டிவிட்டது.
மேலாளரிடம் காலையில் சொல்லிக்கொள்ளலாம்.
பழைய செல்போன்களில்
கடல் கொஞ்சம் திக்கும்.

திக்கட்டும்.