சட்டகத்துக்கு இடப்பக்கம்

கொம்பனித்தெருவில் ஹில்மியின் அச்சுக்கடை.
குளிரூட்டி ஒழுகுகிறது, கீழே ஒரு நீல வாளி.
திரையில் நேற்று நான் பிடித்த மலை.

வானம் சரி.
ஒரு துளி வெள்ளையும் எரியவில்லை.
முகில் விளிம்பில் நூல்நூலாய் விவரம்.
அதற்காகத்தான்
துவாரத்தைச் சுருக்கிச் சுருக்கி வந்தேன்,
எட்டு, பதினொன்று,
பிறகு ஐந்நூறில் ஒரு பங்கு நொடி.
சரிவில் நின்ற ஏழு பெண்களும்
ஏழு கரித்துண்டுகள்.

ஹோட்டல்காரர் எழுதியிருந்தார்:
ஆட்கள் வேண்டும், ஆனால் சின்னதாக,
மலை எவ்வளவு பெரிதென்று தெரிய.
நானும் அப்படித்தான் வைத்தேன்.
பாதை வளைந்து ஏறும் இடத்தில்,
மூன்றில் ஒரு பங்குக் கோட்டில்,
வரைபடத்தோரம் அடிமட்டம் வைப்பதுபோல.

அந்த வெயில் இந்த வெயில் அல்ல.
இங்கே அது உப்பும் டீசல் புகையும் குடித்து
காலிமுகத்திடலில்
ஈரத் துவாயாய்த் தோளில் விழும்.
ஆறாயிரம் அடியில் அது கழுவிய கத்தி.
தலைச்சீலையின் நிழல் கண்ணில் விழுந்தால்
கண் இல்லை.

ஒருத்தி கேட்டாள், பூங்காவனம் என்று பெயர் சொன்னவள்,
"கறுப்பா விழுமா மிஸ்?"
இல்லை என்றேன்.
வானத்தை அளந்துகொண்டே சொன்னேன்.

உள்ளங்கையை வெயிலில் பிடித்து அளந்து
ஒரு ஸ்டொப் கூட்டு என்பார்கள்.
உள்ளங்கை எங்களில் எவருக்கும் வெளிறியதுதான்.
புறங்கையைத் திருப்பியிருந்தால் போதும்,
கூட்டவும் வேண்டாம் குறைக்கவும் வேண்டாம்.
எனக்கும் அவளுக்கும் அது ஒரே நிறம்.

கடதாசி வெட்டும் திலக்ஷன் வந்து
என் தோளுக்கு மேலால் குனிந்தான்.
பொகவந்தலாவைப் பையன்.
"நிறுவைக்கு நிக்கிறாங்க அக்கா.
நிழலப் பாருங்க, காலுக்குள்ள வந்துருச்சு.
தராசு எங்க?"

தராசு இல்லை.
அதன் முக்காலி, கணக்கப்பிள்ளையின் குடை,
சேறு அப்பிய டிராக்டர்,
எல்லாவற்றையும்
இரண்டடி வலப்பக்கம் நகர்ந்து
வெளியே விட்டிருந்தேன்.
காட்சியைக் கெடுத்தன.

நிழலை மேலே இழுத்தேன்.
முதலில் வந்தது மணல்,
சிவப்பும் பச்சையுமாய், இல்லாத ஒளியின் மணல்.
பிறகு ஒரு மூக்குத்தி.
பிறகு இடுப்பில் சுற்றிய படங்கு.
பிறகுதான் முகங்கள்.
ஒன்றுகூட என்னைப் பார்க்கவில்லை,
மலையையும் பார்க்கவில்லை.
ஏழும் இடப்பக்கம் திரும்பியிருந்தன.

அழிக்க மறந்த படம் ஒன்று கிடந்தது.
கமெராவைத் தோளில் மாட்டும்போது
தானாக அமுங்கிய பொத்தான்.
கோணல். நான்கு ஸ்டொப் அதிகம்.
மலை போய்விட்டது, அடியோடு வெள்ளை.
அதில் எல்லாரும் இருந்தார்கள்:
குடை, டிராக்டர், கொக்கி,
கொக்கியில் பூங்காவனத்தின் சாக்கு,
அதை அண்ணாந்து பார்க்கும் அவள்,
வாய் சற்றே திறந்து.

"இதையா அடிக்கச் சொல்றீங்க?"
ஹில்மி சிரித்தார்.
"நல்லது, வானத்துக்கு மை செலவே இல்ல."

பெட்டை ரயில் போனது. மேசை ஆடியது.
ஈரம் காயாத படத்தை
விளிம்பால் தூக்கி
ஜன்னல் பக்கம் கொண்டுபோனான் திலக்ஷன்.
அந்த முகத்தை அவன் தேடவில்லை.
தராசின் வட்டத்தில் கண்ணை வைத்து
முள் நிற்கும் இடத்தைப் படித்தான்.
"ஏழு. பகல் நிறுவைக்கே ஏழுதான்.
அந்தியில ஓடணும் அவங்க."

ஹோட்டலுக்கு முதல் படம்தான் போனது.
வெள்ளவத்தையில் வாடகை
ஒன்றாம் திகதி.

வாளி நிறைந்திருந்தது.
அவன் அதை ஒரு கையால் எடுத்து,
மற்றக் கையை எதிர்ப்பக்கம் நீட்டி,
சிந்தாமல் வெளியே நடந்தான்.