பக்கம் பதினொன்று

பொம்மனஹள்ளி, நாலாவது மாடி, இரவு இரண்டே கால்.
அமெரிக்காவில் யாருக்கோ வந்து சேராத பார்சலுக்கு
சுகிர்தா அடித்த பதிலில்
தப்பு தேடுவது என் வேலை.

'பிகாஸ் த டிரைவர் குட் நாட் ஃபைண்ட் யுவர் கேட்.'
அவ்வளவுதான். முற்றுப்புள்ளி.

எழுவாய் இருக்கிறது, டிரைவர்.
பயனிலை இருக்கிறது, கண்டுபிடிக்க முடியவில்லை.
கேட்டும் இருக்கிறது, பூட்டோடு.
ஆனாலும் இது தனித்து நிற்காது, சார்ந்துதான் நிற்கும்
என்கிறது தரக் கையேடு, பக்கம் பதினொன்று.

முதல் சொல்லை விரலால் மறைத்துப் பார்க்கிறேன்.
வாக்கியம் எழுந்து நிற்கிறது
சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு.
விரலை எடுக்கிறேன்,
சாய்ந்துகொள்கிறது
இன்னும் வராத யார் தோளிலோ.

தமிழில் இந்தக் குழப்பம் இல்லை.
தொங்குகிற வினையை வாலைப் பார்த்தே சொல்லிவிடலாம்:
வந்து, வந்தால், வராமல், வரவே.
எச்சம் என்று பேரே வைத்துவிட்டோம்,
தட்டில் ஒதுக்கிய சோறு போல.
இங்கிலீஷில்தான்
ஷூ, டை, கழுத்தில் அடையாள அட்டை
எல்லாம் மாட்டிக்கொண்டு
வரவேற்பறை சோபாவிலேயே உட்கார்ந்திருக்கிறது ஒன்று.
உள்ளேயிருந்து யாராவது வந்து
கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

கூப்பிட்டுச் சொன்னேன்.
ஹெட்செட்டைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு
திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.
'ஏன் வரலன்னு கேட்டாங்க மேடம்.
கேட் தெரியாததாலன்னு சொன்னேன்.
மீதி அவங்க கேள்வியிலேயே இருக்கே.'

இருக்கிறது.
மேல் வரியில், அந்த அம்மாளின் கோபத்துக்குள்,
வரவில்லை என்கிற முழு வினை
சுகிர்தாவுக்காகக் காத்துக்கொண்டுதான் இருக்கிறது.
ஒருத்தி ஆரம்பித்ததை இன்னொருத்தி முடித்தால்
எத்தனை மதிப்பெண் என்று
என் படிவத்தில் கட்டமில்லை.

இரண்டு கழித்தேன்.
கழிக்காமல் விட்டால்
என் திருத்தத்தைத் திருத்துகிறவன்
என்னிடம் நாலு கழிப்பான்.
அவள் ஒன்றும் சொல்லவில்லை.
மாரிக்குப்பத்திலிருந்து தினமும் ரயிலேறி வருகிறவள்,
இரண்டைவிடப் பெரிய கழித்தல்களைப் பார்த்திருப்பாள்.

மேசை டிராயரில் என் போன்.
சேந்தன் அனுப்பியது, பதினொன்று நாற்பதுக்கு.
பதினோரு மாதத்துக்குப் பிறகு இரண்டே சொல்:
நீ வந்தா

புள்ளி இல்லை. கேள்விக்குறி இல்லை.
அதற்குக் கீழே மூன்று புள்ளிகள் துள்ளின,
அடங்கின, மறுபடி துள்ளின,
பிறகு ஆள் ஆன்லைனிலேயே இல்லை.

நான் வந்தால்
சாவி பழைய இடத்தில் இருக்கும் என்கிறானா,
சண்டை பழைய இடத்தில் தொடங்கும் என்கிறானா,
இல்லை, விவாகரத்துக் காகிதத்தில் கையெழுத்தா?
முன்னால் எதை வைத்து மறைத்துப் பார்ப்பது?
தமிழாயிற்றே,
தொங்கல் வினைக்குள்ளேயே இருக்கிறது,
விரலுக்கு அகப்படாது.

காண்டீனில் ஆறிப்போன பிஸிபேளாபாத்தைக் கிளறியபடி
அடித்தேன்:
லீவு கிடைச்சா

அனுப்பிய பிறகுதான் ஞாபகம் வந்தது
பக்கம் பன்னிரண்டு.
சார்ந்தவை இரண்டு
ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்துகொண்டாலும்
வாக்கியம் ஆகாது.

நாலே முக்கால். கீழே கேப் ஹாரன் அடிக்கிறது.
சில்க் போர்டு வெறிச்சோடிக் கிடக்கும் ஒரே நேரம்.
சுகிர்தாவுக்கு கே.ஆர்.புரத்தில் ரயில்,
எனக்கு வழியில் இறங்கினால் போதும்.
கண்ணாடிக் கதவை முதுகால் தள்ளிப் பிடித்துக்கொண்டு
'மேடம், நீங்க வர்றதா இருந்தா' என்கிறாள்.

பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.