கார்க்கம் வீட்டுக் கதவு

மே மாதக் கடைசியில் மூன்றும் வந்து சேர்ந்தன.
தபால் வண்டிக்காரர் பெட்டியை இறக்கிவைத்து
"உள்ளே என்ன, நங்கூரமா?" என்றார்.
லூனன்பர்க்கில் எது கனத்தாலும் நங்கூரம்தான்.

எண்ணெய்த் தாளை விரித்தேன்.
உள்ளங்கைக்குள் அடங்கும் இழைப்புளி ஒன்று,
முழங்கை நீளத்தில் ஒன்று,
மூன்றாவது, தூங்கும் குழந்தையைப் போல
இரண்டு கையாலும் தூக்க வேண்டியது.

பட்டறைச் சுவரில் ஏற்கனவே ஏழு இருக்கின்றன,
பிடிகள் என் வியர்வையில் கறுத்தவை.
புதியவற்றுக்கு இடம் தேடி
முதலில் காலண்டர் போயிற்று,
பிறகு ரேடியோ,
பிறகு என் கணவர் ஆர்டன் உட்காரும் முக்காலி.
அவர் நின்றபடி தேநீரைக் குடித்துவிட்டு
எத்தனை டாலர் என்று கேட்காமல் போனார்.
கேட்டிருந்தால் பொய் சொல்லியிருப்பேன்.

கண்ணாடி மேல் உப்புத்தாள் ஒட்டி
அடிப்பாகத்தை நாள் முழுக்கத் தேய்த்தேன்.
"தயார்" என்று அச்சடித்து அனுப்புவது
எதுவுமே தயாராக இருப்பதில்லை.
அலகைக் கல்லில் தீட்டி
முன்னங்கை மயிரை மழித்துப் பார்த்து
வாய்க்கு வெளியே நாக்கை ஒரு மயிரிழை நீட்டி
மேப்பிள் பலகையில் வைத்துத் தள்ளினேன்.

சத்தம்தான் முதலில் வந்தது,
புதுத்துணி கிழிகிற சத்தம்.
பிறகு சுருள், வெங்காயத்தின் உள்தோல் போல.
செய்தித்தாள் மேல் அதை விரித்தால்
இரால் விலை தெரிந்தது,
அதற்குக் கீழே இறந்தவர்களின் பெயர்கள்.

அன்று முதல் வீட்டில் எதுவும் தப்பவில்லை.
ரொட்டிப் பலகை,
துடுப்பின் கழுத்து,
ஒழுங்காகத் திறந்துகொண்டிருந்த இழுப்பறையும்.
சாப்பாட்டு மேசை விளிம்பை நான் தடவுவதைப் பார்த்து
ஆர்டன் தட்டோடு எழுந்துவிட்டார்.

ஆகஸ்ட்.
பதினொரு நாள் மூடுபனி விலகவில்லை.
ஜாடியில் உப்பு கட்டிதட்டிப் போனது.
டெல்பர்ட் கார்க்கம் வந்தான்.
"கதவு பிடிக்கிறது, வெர்னா. தோளால் இடித்துத்தான்
என் வீட்டுக்குள் நானே நுழைகிறேன்."
இதைவிட இனிப்பான சேதி
எனக்கு யாரும் சொன்னதில்லை.

கீல்களைக் கழற்றி
ஓரம் மேலே பார்க்கக் கதவை நிறுத்தி
பெரியதை எடுத்தேன்.
பழைய ஸ்ப்ரூஸ். முனையிலிருந்து முனைக்கு
ஒரே சுருள், ஏழடி, அறுபடாமல்.
"போதும்" என்றான் டெல்பர்ட், மூன்றாவது சுருளில்.
காதில் விழுந்தது.
ஒப்புக்கொள்கிறேன், விழுந்தது.
கணுக்கால் வரை சீவல் ஏறியபோது
அவன் நாய் அதில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது.

மாட்டியதும் ஒற்றை விரலால் தள்ளினான்.
கதவு பெருமூச்சு விட்டபடி மூடிக்கொண்டது.
ஒரு வாளி கானாங்கெளுத்தி கொடுத்தனுப்பினான்.

பிப்ரவரி. மைனஸ் பத்தொன்பது.
தொலைபேசியில் அவன் சொன்னது இரண்டு சொல்:
"வந்து பார்."

விறகடுப்பு எரிந்தது. நாய் அதையொட்டிச் சுருண்டிருந்தது.
கதவின் ஓரத்திலிருந்து மேசைக்கால் வரை
தரையில் ஒரு கோடு பனி.
மெல்லியது, நேரானது, அறுபடாதது.
யார் கைவேலை என்று கேட்க வேண்டியதில்லை.
கோடையில் குடித்த ஈரத்தையெல்லாம்
அடுப்புச் சூட்டில் விட்டுவிட்டு
மரம் தன் அளவுக்குத் திரும்பியிருந்தது.
நான்தான் அந்த அளவை மிச்சம் வைக்கவில்லை.
அன்று நான் இழைத்தது கதவை மட்டுமல்ல.

இழைப்புளிக்கு எடுக்கத்தான் தெரியும்.
கொடுக்கச் சொன்னால்
வாயைத் திறந்துகொண்டு சும்மா இருக்கும்.

மறுநாள் ஸ்ப்ரூஸ் கீற்றொன்றை
அவன் வாசலில் வைத்தே, சின்னதால் சீவிச் சீவி
நாணயத்தின் கனத்துக்குக் கொண்டுவந்தேன்,
கதவோரத்தில் பசை வைத்து ஒட்ட.
டெல்பர்ட் நகரவே இல்லை.
மிரண்ட குதிரையைப் பிடித்திருப்பவன் போல
இரண்டு கையும் கதவின் மேல்.
"போதும்" என்றான்,
இன்னும் இரண்டு சீவல் பாக்கியிருந்தது.
நிறுத்தினேன்.
கொஞ்சம் உரசுகிறது. உரசட்டும்.
ஆகஸ்டில் மறுபடி பிடிக்கும்.
என்னைக் கூப்பிட மாட்டான், தோளால் இடித்துக்கொள்வான்.

ஏப்ரலில் தபால் வண்டி வந்தது.
குறுகலானது, பள்ளம் எடுப்பதற்கு மட்டும்.
நான் பெட்டியைப் பிரிக்கும் முன்பே
ஆர்டன் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி
அக்குளில் இடுக்கிக்கொண்டு
வீட்டுக்குள் போனார்.