பாதிக் கடல்

வெண்டா ஆற்றின் வாயில்
பதினோரு வருடம் கட்டிய கயிற்றிலேயே நின்றது படகு.
கயிறே ஏறக்குறைய மரமாகியிருந்தது.
விற்ற அம்மாள் ஆஸ்த்ரீதா,
சாவியை என் உள்ளங்கையில் வைத்து
"எல்லாம் வேலை செய்யும்" என்றார்.
செய்தது.
ஆற்றில்.

வாங்கியவர் தோர்கெல், கோட்லாந்துத் தீவில், ஸ்லீட்டேயில்.
படகைப் புகைப்படத்தில் மட்டும் பார்த்தவர்.
நடுவில் தொண்ணூறு கடல் மைல்.
அதற்குத்தான் எனக்கும் ஸிக்மார்ஸுக்கும் கூலி.

முட்டியால் பலகைகளைத் தட்டினேன்.
கேட்டதற்கெல்லாம் 'ம்' கொட்டியது.
பாய்மரக் கம்பிகளைச் சுண்டினேன்.
அத்தனையும் சுருதி சேர்ந்தன.
(ஒத்திகை பார்த்த சாட்சிகளும் அப்படித்தான்.)
எஞ்சின் மூன்றாவது இருமலில் பிடித்துக்கொண்டது.
செப்டம்பர். தென்மேற்குக் காற்று நான்கு, ஐந்து.
அடுத்த வாரம் ஏழு என்றது துறைமுகப் பலகை.
கிளம்பிவிட்டோம்.

டீசல் தொட்டியின் அடியில்
பதினோரு வருடக் கசடு தூங்கிக்கொண்டிருந்திருக்கிறது.
ஆறு அதை எழுப்பியதே இல்லை.
அலைத்தடுப்புச் சுவரைத் தாண்டியதும்
கடல் உலுக்கி எழுப்பியது.
இருபத்தெட்டாம் மைலில் எஞ்சின்
ஸிக்மார்ஸ் ஏதோ சொல்லிக்கொண்டிருக்கும்போதே நின்றது.
வடிகட்டியைத் திறந்தால் கருப்பட்டிப் பாகு.
மாற்று வடிகட்டி இரண்டு கொண்டுவந்திருந்தேன்.
ஒன்று பொருந்தவில்லை.
இன்னொன்று நாற்பது நிமிடம் உழைத்தது.

பாய் ஏற்றினோம். படகு சாய்ந்தது, முனகியது.
"முனகட்டும், பிணம் முனகாது" என்றான்.
நீர்க்கோட்டுக்கு மேலிருந்த பலகைகள்
பதினோரு கோடை காய்ந்து சுருங்கியவை.
சாய்ந்து ஓடும்போதுதான் முதன்முறையாக
அவற்றின் இடுக்கெல்லாம் கடலைக் குடித்தன.
அப்போதிருந்து பம்ப்பை எண்ண ஆரம்பித்தேன்.

இருபது நிமிடத்துக்கு ஒருமுறை அது ஓடும்.
பிறகு பதினான்கு.
பிறகு ஒன்பது.

நள்ளிரவில் ஸிக்மார்ஸ் கேட்டான்: "திரும்பிவிடலாமா?"
வரைபடத்தின் மேல் டார்ச் பிடித்தேன்.
பின்னால் நாற்பத்து நான்கு.
முன்னால் நாற்பத்தாறு.
இரண்டு மைலுக்காக
அரை மணி நேரம் சண்டை போட்டோம்.
அதற்குள் அது தானாகவே
நாற்பத்தைந்துக்கு நாற்பத்தைந்து ஆகிவிட்டது.

பம்ப் நான்கு நிமிடம்.
அடித்தளப் பலகையைத் தூக்கி
விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன்.
பால்டிக்கின் அரை உப்பு.
பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே பித்தளை வால்வு ஒன்று வியர்த்திருந்தது.
அடைக்கலாம் என்று திருகினேன்.
பிடியோடு பாதி வால்வும் கையில் வந்துவிட்டது.
முறிந்த இடம் இளஞ்சிவப்பாக, நோய் பிடித்த ஈறு போல.
கட்டைவிரல் தடிமனில் கடல்
உள்ளே எழுந்து நின்றது.

வால்வு ஒவ்வொன்றுக்கும் ஒரு மரமுளை
நூலில் கட்டித் தொங்கவேண்டும்.
நூல் தொங்கியது.

உள்ளங்கையால் ஓட்டையைப் பொத்தியபடி கத்தினேன்.
ஸிக்மார்ஸ் ஓடியது கருவிப்பெட்டிக்கு அல்ல,
சூப்புப் பைக்கு.
லாட்வியக் கேரட்டு, தடியானது, நுனி கூர்.
கழுவக்கூட இல்லை.
சுத்தியலால் மூன்று அடி.

நின்றது.

நாங்கள் சிரிக்கவில்லை.
பையில் மிச்சமிருந்த மூன்று கேரட்டை
இருவருமே பசித்தும் தொடவில்லை.

விடிகாலை, பம்ப் ஏழு நிமிடம்.
முதலில் தெரிந்தது ஸ்லீட்டே சிமெண்ட் ஆலையின் புகைபோக்கி.
அழகாக இருந்தது என்றால்
அந்த ஊர்க்காரர்களே நம்பமாட்டார்கள்.
காற்று அறுந்து, கடைசி மைலை முடிக்க
இரண்டு மணி நேரம்.

தோர்கெல் கரையில் புதுப் பெயர்ப்பலகையோடு நின்றார்.
சட்டைக்கு இஸ்திரி போட்டிருந்தார்.
"எப்படி ஓடியது?"
ஆஸ்த்ரீதாவின் வாக்கியம் முழுசாக
என் நாக்கு நுனிவரை வந்தது.
விழுங்கினேன்.

"தண்ணீரிலிருந்து தூக்கும்வரை
கேரட்டைப் பிடுங்கவேண்டாம்" என்றேன்.

எங்கள் ஊர்ப் பழமொழி என்று நினைத்திருப்பார்.
மரியாதையாகத் தலையசைத்தார்.