பத்துக்கு ஆறு

என் கேம் நாற்பது நிமிடத்தில்
முடிந்துவிடுகிறதாம்.
கையால் வரைய மூன்று வருடம் ஆனதை
எந்த விமர்சகரிடம் சொல்ல?

கோடுகள் நடுங்குவது துணிச்சலான உத்தி
என்கிறார் போலந்துக்காரர்.
தேவகோட்டை பஸ்ஸில் வரைந்தேன்,
அமராவதிப்புதூர் தாண்டினால் ரோடு அப்படி.

வளவின் ஏழாம் கதவு
கடைசிவரை திறக்காதது
மரணத்தின் படிமம் என்று
ஒருவர் இரண்டு பத்தி எழுதியிருக்கிறார்.
இன்னொருவருக்கு அது வெறும் பிழை,
ஒரு மதிப்பெண் போயிற்று.

வயிரவன் அண்ணே,
அந்த அறைச் சாவி ஈப்போவில்
உங்கள் மேசை டிராயரில் கிடக்கிறது.
உள்ளே சுவர் என்ன நிறமென்று தெரியாமல்
நான் எப்படி வரைய?

அடுத்த பதிப்பில் திறக்கும் என்று
அறிவித்துவிட்டேன்.
படைப்புக்கு வருவதாகச் சொன்னீர்களே,
டிக்கெட் போட்டாச்சா?
சாவியை லக்கேஜில் போடாதீர்கள்.