சல்ஃபைடுக்கு முன்

செவ்வாய் மாலை ஐந்திலிருந்து எட்டு வரை
நிலவறைச் சலவை அறை என் பெயரில்.
சுவரில் பட்டியல் இருக்கிறது:
மூன்றாம் மாடி, இடப்பக்கம், தர்மரத்தினம்.
துணிதான் துவைக்கிறேனா என்று
வீட்டு விதிகள் எங்கும் கேட்கவில்லை.

மெஷின் மேல் பலகை, பலகை மேல் மூன்று தட்டு.
ஜன்னலைத் திறந்தால் பீல் நகரத்து நவம்பர்
தெருவின் கணுக்கால் உயரத்தில் உள்ளே வரும்,
மூடுபனியும் யாரோ ஒருவரின் சப்பாத்தும்.

முதல் தட்டில் மஞ்சள் நீர்.
ஃபெரிசயனைடு, கூடவே கொஞ்சம் புரோமைடு.
பெயர்தான் பயங்கரம், வேலை மெதுவானது.
மெல்லிய சாம்பல்கள் முதலில் போகும்:
கன்னம், மேசைவிரிப்பு, பின்னாலிருக்கும் ஏரி.
பிறகு தலைமுடி.
கடைசிவரை மல்லுக்கட்டும்
கோட்டுப் பொத்தான்களின் கறுப்பு.

கதவு தட்டப்பட்டது.
"படிக்கட்டு முழுக்கக் கூழ்முட்டை நாற்றம்,"
என்றார் கீழ்வீட்டு ஏஷ்லிமான்.
நெகட்டிவைத் தந்தவரே அவர்தான்.
ஆனாலும் விதி விதிதானே.

பிறகு தட்டைப் பார்த்தார்.
"ரோஸ்மரி எங்கே?"

வெள்ளி வேறொன்றாக மாறிக் காத்திருக்கிறது
என்று சொல்ல என் ஜெர்மன் போதாது.
"இருக்கிறார்," என்றேன்.
நிகழ்காலத்தில் சொன்னது சரியா என்று
சொன்ன பிறகுதான் யோசித்தேன்.

கழுவினேன். மஞ்சள் வடியப் பத்து நிமிடம்.
கடிகாரத் தொழிற்சாலையில் முப்பத்தெட்டு வருடம் இருந்தவர்
மணிக்கட்டைப் பார்க்கவே இல்லை.
தண்ணீருக்கடியில்
வெண்தாளில் தேநீர் சிந்தித் துடைத்ததுபோல்
ஒரு நெற்றி,
சிரிப்பா மூச்சுத்திணறலா என்று தெரியாத ஒரு வாய்.

மூன்றாம் தட்டில் இட்டேன்.
ஒன்று, இரண்டு எண்ணுவதற்குள்
முழுசாக வந்து நின்றாள்,
பொத்தான், ஏரி, எல்லாம் கூட,
கருப்பட்டிப் பழுப்பில்.

"இவள் இந்த நிறமில்லை," என்றவர்
தட்டோரத்தில் என் கையைப் பார்த்து
காது வரை சிவந்துபோனார்.
நான் சிரித்தேன். அவருக்கும் சிரிக்க வேண்டியதாயிற்று.

அப்புறம் மெதுவாக:
"முந்தினது, அந்த மங்கலானது.
ஏப்ரலில் அப்படித்தான் இருந்தாள்.
அதை வைத்துக்கொள்ள முடியுமா?"

முடியாது.
வெளிச்சத்தில் வைத்தால் ஊதாச் சாம்பலாய் அழுக்கேறும்.
ஃபிக்ஸரில் போட்டால் இருக்கிறதும் போய்விடும்.
அதைப் படம் என்று சொல்லக்கூட முடியாது,
ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவில் இருப்பது.

"தண்ணீரிலேயே இருந்தால்?"
"காகிதம் ஊறிக் குழையும் வரை. ஒரு மணி நேரம்,
கூடிப்போனால் இரண்டு."

முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.
என்னிடம் இன்னொரு பிரதி இருந்தது.

நாற்றம் பற்றி அதன்பின் பேச்சில்லை.
சல்ஃபைடு தட்டைப் பலகையோரம் தள்ளி
மேலே ஒரு கண்ணாடியைக் கவிழ்த்தேன்.
குழாயிலிருந்து நூல்போல் நீர்.
ஏதோ ஒரு மாடியின் போர்வை கொடியில் சொட்டிற்று.
ஒருமுறை விரலை நீட்டினார்,
நீருக்கு மேலேயே நிறுத்திக்கொண்டார்.

எட்டு மணி ஐந்து நிமிடம்.
வாசலில் துணிக்கூடையோடு நான்காம் மாடிக்காரி,
பட்டியலைக் காட்டுகிறாள்.
அந்தப் பட்டியலை அடிஸ்கேல் வைத்துக் கோடு போட்டு
எழுதி ஒட்டியவர் ஏஷ்லிமான்.

தலையைத் திருப்பாமலே சொன்னார்:
"கொஞ்சம் பொறுங்கள்."