கிந்தாவில் இறங்கினேன்

மசாவா துறைமுகத்தில் அன்று இருமுறை மூழ்கினேன்,
அறுந்து விழுந்த நங்கூரம் ஒன்றுக்குச் சங்கிலி மாட்ட.
முதலில் இருபத்தெட்டு மீட்டர்,
பிறகு இருபத்திரண்டு.
நிற்க வேண்டிய இடத்தில் நின்று
குமிழிகளை முந்தாமல் மேலே வந்தேன்.
பிழையில்லை. மணி ஒன்று.

செய்தி எனக்கு முன்பே கரையில் காத்திருந்தது:
அஸ்மராவில் லெம்லெமுக்கு வலி கண்டுவிட்டது.

மூன்று மணிக்குப் பேருந்து.

முதுகிலிருந்து உருளையைக் கழற்றியபடி
இத்ரிஸ் சொன்னான், "நாளைக் காலை ஏழுக்கு மேல் போ."
"பிள்ளை இன்றைக்குப் பிறக்கிறது."
"பதினெட்டு மணி நேரம், பெரகி."
"அது விமானத்துக்கு. எனக்கு வாய்த்தது
கதவு சாத்தாத பேருந்து."
உப்புப் பூத்த கையால் மேற்கே காட்டினான்.
வெயில் புகையில் மலை தெரியவே இல்லை.
"பறக்கும்போது விமானத்துக்குள் எவ்வளவு காற்றோ
அவ்வளவுதான் அஸ்மராவின் தெருவிலும்.
நீ சக்கரத்தில் போனாயா, சிறகில் போனாயா என்று
உன் ரத்தம் கேட்காது."

கேட்டுக்கொண்டேன்.
கேட்டுக்கொண்டுதான் ஏறினேன்.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள்.
ஆழம் எனக்குத் தெரியும், விரற்கடை விரற்கடையாக.
உயரத்தைப் பற்றி யார் என்ன சொன்னார்கள்?

சமவெளி முடிந்தது. முதல் வளைவு.
ஒட்டகங்கள் பின்தங்கின.
ஜன்னல் காற்று குளிர்ந்தபோது
எல்லோரும் சால்வை எடுத்தார்கள், சிரித்தார்கள்.
பக்கத்து இருக்கைச் சிறுமியின் மடியில்
உருளை வறுவல் பொட்டலம் ஒன்று, பிரிக்காதது.
மசாவாவில் சுருங்கிக் கிடந்தது.
பத்து வளைவுக்குப் பிறகு கன்னம் உப்பியது.
இருபதில், தவளையின் தொண்டைபோல்
இறுகிப் பளபளத்தது.
அவள் விரலால் தட்டித் தட்டிக் கேட்டாள்:
"உள்ளே யார் ஊதுகிறார்கள்?"

யாரும் ஊதவில்லை, மகளே.
வெளியே அழுத்திய கை தளர்கிறது, அவ்வளவுதான்.

அப்போதுதான் இடது முழங்கைக்குள்
பல் முளைப்பதுபோல் ஒரு குடைச்சல்.
ஜன்னலில் இடித்துக்கொண்டேன் என்று
எனக்கே பொய் சொன்னேன்.
இன்னும் நான்கு வளைவு சொன்னேன்.

கிந்தா. ஆரஞ்சு விற்பவர்கள்
பேருந்தை மொய்த்தார்கள்.
உயரத்தில் இன்னும் பாதிகூட ஆகவில்லை.
மேலே லெம்லெம்.
கீழே, இத்ரிஸின் கொட்டகையில்,
பச்சைப் பெட்டிக்குள் பிராணவாயு.
ஓட்டுநர் ஹாரன் அடித்தார்.
இறங்கினேன்.
சிறுமி பொட்டலத்தை ஆட்டி விடைகொடுத்தாள்.

சிமெண்ட் இறக்கிவிட்டுத் திரும்பிய லாரியில் கீழே போனேன்.
இத்ரிஸ் திட்டவில்லை. அதுதான் வலித்தது.
முகமூடியை மாட்டி, வால்வைத் திறந்து,
மருத்துவருக்கு ஆள் அனுப்பினான்.
அவர் வந்து என் கையை மடக்கி நீட்டிப் பார்த்து
மூன்று விரல் காட்டினார்.
மூன்று நாள் கடல்மட்டம்.
பதினெட்டு மணி நேரத்தைப் பேரம் பேசியவனுக்கு
எழுபத்திரண்டு.

இரவு, துறைமுகக் கடையின் தொலைபேசியில்
ஓர் அழுகை கேட்டது.
மலையிலிருந்து கம்பி வழியாக இறங்கி வந்த அழுகை.
"பெண்" என்றது மாமியாரின் குரல்.
"நீ எங்கே?" என்றது அதே குரல்.

நான்காம் நாள் மறுபடி அதே வளைவுகள்.
முழங்கையைத் தொட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.
கிந்தாவில் ஆரஞ்சு வாங்கினேன்.
நேஃபாசித்தில் மேகம் பேருந்துக்குள் வந்தது.
கை சும்மா இருந்தது.

தொட்டிலில் அவள்:
நீரிலிருந்து காற்றுக்கு
எங்கும் நிற்காமல் ஒரே வீச்சில் வந்தவள்.
வந்த கோபம் இன்னும் முகத்தில் சிவந்திருந்தது.

லெம்லெம் ஆரஞ்சைப் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை.
"வரும் வழியில் நிற்க வேண்டியிருந்தது" என்றேன்.
"மூன்று நாளா?"
"மூன்று நாள்."
கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.
பிறகு பிள்ளையைத் தூக்கி நீட்டினாள்.
"இந்தக் கையில் வேண்டாம்," என்றாள்,
"நல்ல கையில் பிடி."